முப்பத்தெட்டு மில்லி

பெருந்துறை
15 ஜூன் 2025, ஞாயிறு இரவு

அம்மா,

இதைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டாதே. அப்பாவிடமும் சொல்லாதே.

விளக்கணைத்து ஒரு மணி நேரம் ஆகிறது. குளியலறைப் பக்கத்து விளக்கை மட்டும் விடிய விடிய எரிய விடுவார்கள். அங்கே துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களைக் கிழித்து எழுதுகிறேன். வார்டன் மேடம் எழுந்து வந்தால் வயிற்றுவலி என்று சொல்லிவிடுவேன். ஹாஸ்டலில் இருந்து போகும் கடிதங்களை அவர் படித்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவார். அதனால் இதை அன்புச்செல்வியிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்வேன். என் வகுப்புதான், தினமும் வீட்டில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். நீயும் அவள் வீட்டு முகவரிக்கே பதில் போடு. பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இன்று போனில் அப்பாவோடு பேசினேன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும், ஐந்து நிமிடம். எனக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். "உங்கொம்மா ஆனைமலைக்குப் பெரியம்மா ஊட்டுக்குப் போயிருக்குது கண்ணு. டாக்டரு படுத்தே இருக்கோணும்னு சொல்லிப்போட்டாங்க" என்றார். "ஏனுங்கப்பா?" என்றேன். "ஒண்ணுமில்ல, நீ படி" என்றார். ஒன்றுமில்லை என்றால் எதற்காகப் படுத்தே இருக்க வேண்டும்? பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

ஊரில் இருந்து கிளம்பும்போது நான் உன்னோடு சரியாகப் பேசவில்லை. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறவளுக்குத் தம்பியோ தங்கையோ பிறக்கப் போகிறது என்றால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று சொன்னேன். அதை மறைக்கத்தான் என்னை ஹாஸ்டலில் தள்ளுகிறாய் என்றும் சொன்னேன். பஸ் நகரும்போது நீ கை காட்டினாய். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பார்த்தேன் அம்மா.

ஒன்று கேட்கிறேன். எனக்கு முன்னால் பிறந்து, பதினாலு மாதத்தில் செத்துப்போன வர்ஷினி அக்காவுக்குக் கோபம் வருமா? அப்படிச் சின்ன வயதில் போனவர்கள் கன்னிமாரோடு சேர்ந்துவிடுவார்கள், அவர்களுக்குக் கோபம் வந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஏதாவது ஆகும் என்று என் அறையில் ஒருத்தி சொன்னாள். ஏன் கேட்கிறாய் என்று கேட்காதே. வரும், வராது என்று மட்டும் எழுது.

பிரவீனா


ஆனைமலை
21 ஜூன் 2025

பிரவீனாக் கண்ணு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

உன் கவரைத் தபால்காரரிடம் இருந்து பெரியம்மாதான் வாங்கினாள். அனுப்பியவர் பெயரைப் பார்த்துவிட்டு, "ஆருடி இந்த அன்புச்செல்வி?" என்றாள். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்றேன். "பள்ளிக்கூடத்துல ஒருத்தியும் உன்னோட பேசமாட்டாங்கன்னு அழுவியே, இவ எங்கிருந்து வந்தா?" என்று கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உன்னால் இந்த வயதில் அக்காவிடம் பொய் சொல்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், நீ பெரிய பெண். கொஞ்சம் ரத்தம் போனது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதாம். குழந்தை நன்றாக இருக்கிறது, இதயத் துடிப்பைக் கேட்டேன். ஆகஸ்டில் இன்னொரு ஸ்கேன் எடுப்பார்கள். அதற்குள் நஞ்சு மேலே ஏறிவிட்டால் நான் எழுந்து நடக்கலாம். அதுவரை படுக்கை. உன் அப்பா லேத்தில் எந்த இரும்பையும் நூல் பிசகாமல் கடைவார், ஆனால் ஒரு ரசம் வைக்கத் தெரியாது. அதனால்தான் இங்கே வந்து கிடக்கிறேன். "கட்டில உட்டு எறங்குனீன்னா காலக் கட்டிப்போடுவேன்" என்று பெரியம்மா வாசலிலேயே காவல் இருக்கிறாள்.

உன்னை மறைக்க ஹாஸ்டலில் போடவில்லை. உன் மார்க்கைப் பார்த்து அவர்களே கூப்பிட்டார்கள். வெட்கம் எனக்கும்தான். முப்பத்தொன்பது வயதில் வாந்தி எடுத்தால் என்ன சொல்வது? மளிகைக் கடையம்மா கேட்டதற்கு அல்சர் என்று சொன்னேன். அந்த அம்மாவும் நம்பி, தினமும் மோர் கொடுத்து அனுப்பினாள்.

உன் அக்காவுக்கு என்ன கோபம்? யாராவது உன்னைப் பயமுறுத்துகிறார்களா? மறைக்காமல் எழுது.

அவள் பேச்சை நீயே எடுத்ததால் சொல்கிறேன். இந்த முறை ஆடி பதினெட்டு ஆகஸ்ட் மூன்று, ஞாயிற்றுக்கிழமை. பேரூருக்கு ஒரு வருடம்கூட நான் போகாமல் இருந்ததில்லை. இந்த முறை நீ போக வேண்டும். அப்பா வந்து ஒரு நாள் அனுமதி வாங்கிக் கூட்டிப் போவார். அவர் எப்போதும்போல மேலே ரோட்டிலேயே நின்றுகொள்வார், படித்துறையில் இறங்க மாட்டார். நீதான் செய்ய வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். நொய்யல் ஓரத்தில் ஏழு கூழாங்கல் வைத்து மஞ்சள் குங்குமம் இடு, கன்னிமாருக்குக் காதோலை கருகமணி வை. பக்கத்தில் அக்காவுக்குத் தனி இலை. பழம், ரவிக்கைத் துணி, வளையல். கும்பிட்டு முடித்து அவள் இலையைத் தண்ணீரில் விட்டுவிடு.

இந்த வருடம் அவளுக்குப் பதினெட்டு. ஜரிகை வைத்த கண்ணாடி வளையலாகப் பார்த்து ஒரு டஜன் வாங்கு. அந்த வளையல்காரம்மா போன வருடம் மாதிரி, "கொழந்தையாப் போனது கொழந்ததானுங்களே, நீங்க ஏனுங்க வருசா வருசம் வளத்தறீங்க?" என்று கேட்டாலும் கேட்பாள். நீ பதில் பேசாதே.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


பெருந்துறை
29 ஜூன் 2025, இரவு

அம்மா,

என்னைப் பேரூருக்கு அனுப்பாதே.

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த முறை கிழிக்க மாட்டேன். போன வருடம் அக்காவின் வளையலை நான் எடுத்துவிட்டேன்.

நீ தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்ளக் குனிந்தாய். "எலையத் தண்ணில உடு கண்ணு" என்றாய். இலையை விட்டேன். வளையலை விடவில்லை. சுடிதார் பையில் போட்டுக்கொண்டேன். பச்சையில் பொன் ஜரிகை வைத்தது. அன்று காலைதான் எனக்கும் வளையல் கேட்டேன். "ஸ்கூலுக்குப் போற புள்ளைக்கு எதுக்கு?" என்றாய். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். இருக்கிறவளுக்கு வாங்குவதைவிட இல்லாதவளுக்கு நல்லதாக வாங்குகிறாய். அவளுக்கு எது பிடிக்கும் என்று கடையில் நின்று யோசிக்கிறாய். எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டாயா? இப்போதும் எனக்குக் கோபம் இருக்கிறது, பயமும் இருக்கிறது. எது அதிகம் என்று தெரியவில்லை.

வீட்டில் கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தேன். பதினேழு வயதுக்காரிக்கு வாங்கியது. எனக்கு அப்போது பதினாலு. ஆனால் என் கையில் கச்சிதமாக நின்றது. அதில்தான் பயம் தொடங்கியது. அவளே என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அவசரமாகக் கழற்றும்போது ஒன்று உடைந்துவிட்டது. மீதி பதினொன்று என் பெட்டியில் சாக்ஸுக்குள் இருக்கிறது. பெட்டியை நகர்த்தினால் சத்தம் கேட்கிறது. மற்றவர்களுக்குக் கேட்பதில்லை, எனக்குக் கேட்கிறது.

உனக்கு ரத்தம் போனது என்னால்தான் அம்மா. அவள் பொருளை நான் எடுத்தேன். பாப்பாவைப் பற்றி நான் அசிங்கமாகப் பேசியதும் அவளுக்குக் கேட்டிருக்கும். வளையலைத் திருப்பிப் போட்டுவிட்டால் விட்டுவிடுவாளா? பாப்பாவை ஒன்றும் செய்யாதே என்று நீ சொன்னால் கேட்பாளா? நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

யாரோ எழுந்து வருகிறார்கள்.

பிரவீனா


ஆனைமலை
10 ஜூலை 2025

பிரவீனாக் கண்ணு,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆயிற்று. பதில் வராமல் நீ அங்கே என்ன பாடு படுவாய் என்று தெரிந்தும் எழுதவில்லை. கோபம் இல்லை. எழுத வேண்டியதை என்னால் எழுத முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "சாப்ட்டியாம்மா?" என்றாய், நான் "சாப்ட்டேன்" என்றேன். பிறகு இரண்டு பேரும் உங்கள் வார்டன் இருமுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

முதலில் உன் பயத்துக்குப் பதில். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். "ஏனுங்க டாக்டர், ஊட்டுல ஆராச்சும் தப்புப் பண்ணிப்போட்டா இப்படி நஞ்சு எறங்குமுங்களா?" அந்தம்மா எழுதிக்கொண்டே, "அப்படி எறங்குனா எங்க ஆஸ்பத்திரில பாய் போடக்கூட எடம் இருக்காதுங்க" என்றார். கூட வந்த பெரியம்மா, "ஆரு என்ன தப்புப் பண்ணுனது?" என்று வழியெல்லாம் கேட்டாள்.

இப்போது நான் உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன்.

வளையல் உன் கைக்குச் சரியாக இருந்ததில் அதிசயம் இல்லை. ஒவ்வொரு ஆடிக்கும் வளையல் கடைக்குப் போகும்போது உன் கையைப் பிடித்துக்கொள்வேன் இல்லையா? கூட்டத்தில் தொலைந்துவிடுவாய் என்று பிடிக்கிறேன் என நினைத்திருப்பாய். நான் அளவு பார்த்தேன். அவள் வளர்ந்திருந்தால் கை எவ்வளவு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் இருந்தது உன் கை ஒன்றுதான் அம்மணி.

கை மட்டும் இல்லை. அவள் முகம் எனக்கு மறந்துவிட்டது. பெற்றவள் இப்படி எழுதலாமா என்றுதான் எட்டு நாள் ஆனது. சின்னப் பிள்ளையின் படத்தை வீட்டில் வைத்தால் தாய் தேற மாட்டாள் என்று, அவள் துணிமணியோடு போட்டோவையும் அப்போது ஆற்றில் விட்டுவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. நான்கைந்து வருடத்தில் முகம் கலங்கத் தொடங்கியது. அவள் பள்ளிக்கூடம் போகிற மாதிரி நினைத்தால் உன் முகம் வந்தது. இப்போது பதினெட்டு வயதில் நினைத்தாலும் நீதான், கொஞ்சம் உயரமாக. நான் வருடா வருடம் வளர்த்தது அவளை இல்லை. உன்னையே இரண்டு தடவை வளர்த்திருக்கிறேன். அதில் ஒருத்திக்கு மட்டும் ஜரிகை வளையல் வாங்கியிருக்கிறேன். கோபப்பட வேண்டியது நீதான். படு. நான் வாங்கிக்கொள்கிறேன்.

உன் அப்பாவிடம் அவள் முகத்தைப் பற்றிக் கேட்டதே இல்லை. காய்ச்சல் வந்தபோது, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொன்னவள் நான். அவர் அதை ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. அதனாலேயே எனக்குப் பயம். அவருக்கும் எல்லாம் மறந்திருக்கும், ஆண்பிள்ளை.

பேரூருக்குப் போ. வளையல்காரம்மா அளவு கேட்டால் உன் கையை நீட்டு. எனக்கு அந்த ஒரு வழிதான் தெரியும்.

அம்மா


பெருந்துறை
3 ஆகஸ்ட் 2025, இரவு

அம்மா,

போய்விட்டு வந்துவிட்டேன். நீ சொன்ன மாதிரி செய்யவில்லை. முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

அப்பா ஆறரைக்கே வந்து கேட்டில் நின்றார். புதுச் சட்டை போட்டிருந்தார், விலைச் சீட்டு காலருக்குள் அப்படியே இருந்தது. பஸ்ஸில் நான் பிய்த்து எடுத்தேன். பேரூரில் கால் வைக்க இடம் இல்லை. நொய்யலில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் போனது. புதுப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். படி நெடுகக் குடும்பம் குடும்பமாக ஏழேழு கல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன், வேறு யாரோ வைத்த கல்லில் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் எறிந்துவிட்டான். அவன் அம்மாவுக்கும் அந்த வீட்டுக்காரர்களுக்கும் பெரிய சண்டை. "கல்லுக்கா பஞ்சம்? இந்தாங்க, எட்டா வெச்சுக்கங்க" என்று அந்த அம்மா இரண்டு கல்லைக் கொடுத்தாள்.

அப்பா மேலே ரோட்டிலேயே நின்றுகொண்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நாலாவது படியில் பாசி வழுக்கியது. விழவில்லை. பின்னால் இருந்து யாரோ என் தோளைப் பிடித்தார்கள். அப்பா.

"தண்ணி சாஸ்தியாப் போகுது. உங்கொம்மா இல்லாம உன்னத் தனியா எப்படி உடறது?" என்றார். என்னிடம் சொன்னாலும் கண் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

படியோரம் அதே வளையல்காரம்மாதான். "வாங்க அம்மணி, ஆருக்குங்க?" என்றாள்.

"எங்கக்காவுக்குங்க."

"அக்கா வரலீங்களா? கைய அளவு பாக்கோணுமே."

நான் கையை நீட்டப் போனேன். நீ சொன்னபடிதான் அம்மா. அதற்குள் அப்பா, "முப்பத்தெட்டு மில்லி" என்றார், லேத்தில் மில்லிமீட்டர் சொல்கிற மாதிரி.

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்க, வளையலுக்கு மில்லிக் கணக்கா? இதென்ன போல்ட்டு நட்டுங்களா?"

அப்பா கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து ஒரு வட்டம் காட்டினார். "இத்தன இருக்கோணுமுங்க. உள்வட்டம்." அந்த அம்மா ஒவ்வொரு வளையலாக அந்த விரல் வட்டத்தோடு வைத்துப் பார்த்தாள். நாலாவது பொருந்தியது. "ஒண்ணு எட்டு சைசுங்க. இது கொழந்த கையாச்சே."

"கொழந்ததானுங்க" என்றார் அப்பா.

அந்த அம்மா கறுப்பும் சிவப்புமாகத் தேடித் தேடி அதே அளவில் ஆறு எடுத்துக் கொடுத்தாள்.

ஏழு கல்லையும் அப்பாதான் பொறுக்கினார். ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று மூன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுத்தார். அப்போதுதான் கேட்டேன், முப்பத்தெட்டு என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. அவளுடைய முதல் பிறந்த நாளுக்குப் பித்தளையில் ஒரு காப்பு அவரே லேத்தில் கடைந்தாராம். முதலாளி பார்த்துவிட்டு, "சாமான் செய்யச் சொன்னா நகை செய்யறியா?" என்று சத்தம் போட்டாராம். குழந்தைக் கையைக் கிழிக்கக் கூடாது என்று ஓரத்தை ஒரு ராத்திரி முழுக்கத் தேய்த்தாராம்.

"அக்கா எப்படிங்கப்பா இருப்பா? என்ற மாதிரியா?"

"உன்ற மாதிரி இல்ல கண்ணு. நீ எங்க பக்கம். அவ அச்சு அசல் உங்கொம்மா. அந்த மூக்கு, சிரிச்சா ஒரு கண்ணு மட்டும் சின்னதாகறது, எல்லாம் அவளேதான்."

தலையில் இரட்டைச் சுழி. கீழே இரண்டு பல், நடுவில் இடைவெளி. பட்டறையில் இருந்து வந்தால் அவர் பையில் இருக்கும் ஸ்கேலை உருவிக் கடிப்பாள். காக்காவைக் கண்டால் "பா" என்பாள், அப்பாவைக் கண்டால் "கா" என்பாள். நீ அவளுக்குத் தலை துவட்டும்போது உன் காதைப் பிடித்துக்கொள்வாளாம். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார் அம்மா.

"இதெல்லாம் அம்மாகிட்டச் சொன்னதில்லீங்களா?"

"அவளே அழுதுட்டுக் கெடந்தா. நான் வேற போயி என்னத்தச் சொல்றது?"

காய்ச்சல் அன்று நீ பொறுக்கலாம் என்று சொன்னதையும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. "அவ சொன்னா, நானும் செரின்னேன். டாக்டரும் மொத நாளு சாதாக் காய்ச்சல்னுதான் சொன்னாரு. உங்கொம்மா அதையா நெனச்சுட்டு இருக்கறா?" என்றார். பிறகு ஏழு கல்லையும் மறுபடி வரிசையாக்கினார்.

இலையை நானும் அவரும் சேர்ந்து பிடித்து விட்டோம். அந்தக் குட்டி வளையல்கள் இலையை விட்டு விழாமல் கொஞ்ச தூரம் போயின. எனக்குப் பயம் வரவில்லை. அவ்வளவு சின்னக் கைக்காரி யாரை என்ன செய்துவிடப் போகிறாள்?

பச்சை வளையல் பதினொன்றையும் பையில் கொண்டுபோயிருந்தேன். தண்ணீரில் போட்டுவிடத்தான். போடவில்லை. அது என்னுடைய அளவு.

உன்னைக் கேட்காமல் பதினெட்டு வயதுக்காரியைக் குழந்தையாக்கிவிட்டேன். நீ இத்தனை வருடம் வளர்த்தவள். வருத்தமாக இருக்கிறதா?

பிரவீனா


ஆனைமலை
10 ஆகஸ்ட் 2025

பிரவீனாக் கண்ணு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பெரியம்மாவிடம் கண்ணாடி கேட்டேன். "படுத்துக் கெடக்கறவளுக்கு என்னடி சிங்காரம்?" என்றாலும் கொண்டுவந்து கொடுத்தாள். தனியாக இருக்கும்போது பார்த்தேன். முதலில் நான்தான் தெரிந்தேன், கண்ணுக்குக் கீழே கருப்பும் நரைத்த முடியுமாக. சிரித்துப் பார்த்தேன். இடது கண் சின்னதாகிறது. எனக்கு இத்தனை நாள் தெரியாது. அப்படியே வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன், பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஜுரமா என்று நெற்றியைத் தொட்டாள்.

வருத்தம் ஒரு நாள் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பெரிய பெண்ணோடு நான் மனசுக்குள் எவ்வளவோ பேசியிருக்கிறேன். மறுநாள் காலையில் தேடினால் அவள் இல்லை, இரண்டு பல்லோடு ஒருத்தி என் காதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நேற்று அப்பா வந்தார். கடையில் வாங்கியது என்றுதானே அந்தக் காப்பைக் கொடுத்தீர்கள் என்றேன். "நான் செஞ்சேன்னு சொன்னா பித்தளையான்னு கேப்பே" என்றார். கேட்டுத்தான் இருப்பேன். கதவைச் சாத்திவிட்டு விடியும் வரை பேசிக்கொண்டிருந்தோம். பெரியம்மா காலையில், "படுக்கச் சொன்னா ரெண்டு பேரும் கதை பேசறீங்களா?" என்று அவருக்குக் காப்பி கொடுக்காமல் அரை மணி நேரம் உட்கார வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். நஞ்சு மேலே ஏறிவிட்டது. வீட்டுக்குள் நடக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். குழந்தை ஸ்கேன் எடுக்க விடாமல் திரும்பித் திரும்பிப் படுத்ததாம்.

அங்கே புதிதாக ஒரு நர்ஸ், சின்னப் பெண். சீட்டில் எழுதிக்கொண்டே, "ஏற்கெனவே எத்தன கொழந்தைங்க?" என்றாள். எங்கே போனாலும் இந்தக் கேள்விக்கு எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்று என்பேன், பிறகு இரண்டு என்பேன், அவர்கள் அடித்துத் திருத்துவார்கள். அன்றைக்கு நாக்கு ஒட்டவில்லை.

"ரெண்டு பொண்ணுங்க" என்றேன்.

"வயசு?"

"மூத்தவ பிரவீனா, பதினஞ்சு வயசு. சின்னவளுக்குப் பதினாலு மாசம்."

அவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க்கா, பதினாலு மாசக் கொழந்தைய ஊட்டுல ஆருகிட்ட உட்டுட்டு வந்தீங்க?"

"அவிங்கப்பாகிட்ட இருக்கறாளுங்க" என்றேன்.

அம்மா